புருவ ஊசியா, டாட்டூ மெஷினா: படிப்புச் செலவும் பிழைப்பும்

பெர்மனென்ட் மேக்கப்பும் (புருவம், உதடு, இமையில் நீடித்து நிற்கும் ஒப்பனை) டாட்டூவும் அடிப்படையில் ஒரே வேலைதான்: ஊசியால் நிறமியைத் தோலுக்குள் வைப்பது. ஆனால் ஒன்றை மூன்று நாளில் கற்றுத்தருவதாக விளம்பரம் வருகிறது. மற்றொன்றுக்கு இரண்டு வருடம் ஓர் ஆர்ட்டிஸ்ட்டின் பின்னால் நிற்க வேண்டும் என்கிறார்கள். இரண்டின் கட்டணத்தை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தால் தப்பான விடைதான் கிடைக்கும். பார்க்க வேண்டிய கணக்கு வேறு. கட்டணம் கட்டிய காலத்துக்குள், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, எத்தனை பேரின் தோலில் வேலை செய்வீர்கள்? அவர்களில் எத்தனை பேர் புண் ஆறிய பிறகு உங்கள் கண்முன் திரும்ப வருவார்கள்? அந்த எண்ணால் மொத்தச் செலவை வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தெரிந்த படிப்பு பல சமயம் அங்கே விலை கூடிவிடும்.

ஊசி நிற்கும் இடம்

உடலின் பெரும்பகுதியில் மேல்தோல் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன்தான். அது சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுவதால், அங்கே தங்கிய நிறம் அதோடு போய்விடும். அதற்குக் கீழே உள்தோலில் வைத்த நிறமியைத்தான் உடலின் விழுங்கணுக்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. டாட்டூவில் ஊசி ஒன்று முதல் இரண்டு மி.மீ. ஆழம் வரை போகும். புருவம், உதடு, கண்ணிமை போன்ற இடங்களில் அவ்வளவு இடம் கிடையாது, அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ.க்குள் நின்றாக வேண்டும். இமையின் தோல் உடலிலேயே மெல்லியது.

படிப்பின் நீளத்தைத் தீர்மானிப்பது இந்தச் சிறு வித்தியாசம்தான். டாட்டூவில் சற்று ஆழம் கூடினால் கோடு பக்கவாட்டில் கசியும். தொழிலில் இதை புளோ அவுட் என்பார்கள். பெரிய வடிவத்தில் அதை நிழலுக்குள் மறைத்துவிடலாம். புருவத்தில் அதே பிழை நடந்தால் முடி போன்ற கோடு மங்கிச் சாம்பல் நீலமாகும், அதை மறைக்க இடமே இருக்காது. முகத்தில் பிழைக்கு மன்னிப்புக் குறைவு. இருந்தும் முகத்தில் வேலை செய்யும் படிப்புதான் குறுகியதாக விற்கப்படுகிறது. இந்தத் துறையில் நாங்கள் மிகவும் கவலைப்படுவது இதைத்தான்.

டாட்டூ: ஸ்டூடியோவில் பயிற்சியாளராகச் சேர்வது

வழக்கமான பாதை ஒன்று முதல் மூன்று வருடம். சில ஆர்ட்டிஸ்ட்டுகள் கட்டணம் வாங்குவார்கள், சிலர் வாங்காமல் வேலை வாங்குவார்கள். சம்பளம் பெரும்பாலும் இருக்காது. ஆகவே உண்மையான செலவு கட்டணம் அல்ல, வருமானமில்லாத அத்தனை மாதங்களின் வீட்டுச் செலவு. சேர்வதற்கு முன் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் எட்டாவது மாதத்தில் பாதியில் விட்டுவிடுவீர்கள். எட்டு மாதமும் வீண்.

முதல் மாதங்களில் மெஷினையே தொட விடமாட்டார்கள். மேசையைக் கிருமிநீக்கம் செய்வது, பிளாஸ்டிக் உறை சுற்றுவது, நீராவியால் கருவிகளைக் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடமா 134 டிகிரியில் 3 நிமிடமா என்று புரிந்து ஓட்டுவது, வடிவத்தைத் தோலில் பதிக்கும் ஸ்டென்சில் எடுப்பது, தினமும் வரைவது. பிறகு செயற்கைத் தோல், அப்புறம் பன்றித் தோல், கடைசியில் பெரும்பாலும் சொந்தத் தொடை. சலிப்பூட்டும் இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. ரப்பர் தோல் இழுபடாது, இரத்தம் கசியாது, வீங்காது. அதில் அழகாக வந்த கோடு மனிதத் தோலில் வராது. நிஜத் தோலில் முதலில் கற்க வேண்டியது ஊசியே அல்ல, மற்ற கையால் மூன்று பக்கமும் தோலை இறுக்கிப் பிடிப்பதுதான். தோல் தளர்ந்தால் கோடு நடுங்கும். கை மெதுவாக நகர்ந்து ஊசி வேகம் கூடினால் தோல் கிழிந்து தழும்பாகும். தலைகீழாக நடந்தால் கோட்டில் புள்ளி புள்ளியாக இடைவெளி விழும்.

இந்தப் பாதையின் பலவீனம் ஒழுங்கின்மை. பாடத்திட்டம் கிடையாது, எல்லாமே சொல்லித்தருபவரைப் பொறுத்தது. ஒரு வருடம் தரை துடைக்கவைத்துவிட்டு ஒன்றுமே சொல்லித்தராத இடங்களும் உண்டு. சேரும்போதே எந்த மாதம் செயற்கைத் தோல், எந்த மாதம் முதல் மனிதத் தோல், அதற்குப் பின் வாரத்துக்கு எத்தனை பேர் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் சேர வேண்டாம்.

சில வார டாட்டூ வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுகாதாரமும் மெஷின் பிடிப்பும் கற்கலாம். அந்தச் சான்றிதழை மட்டும் பார்த்து ஸ்டூடியோக்கள் வேலைக்கு எடுப்பதில்லை. ஆறிய வேலைகளின் படங்களைத்தான் கேட்பார்கள்.

பெர்மனென்ட் மேக்கப்: மூன்று நாளா, நூறு மணி நேரமா

இரண்டு முதல் ஐந்து நாள் வகுப்பில் பொதுவாக இப்படி இருக்கும்: முதல் நாள் தோல், நிறக் கோட்பாடு, சுகாதாரம், இரண்டாம் நாள் செயற்கைத் தோலில் வரைதல், கடைசி நாள் ஒன்று அல்லது இரண்டு மாடல், அதாவது பயிற்சிக்கு வரும் ஆள். சான்றிதழும் ஒரு கிட்டும் கையில் வரும்.

குறை நாட்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. புருவ வேலை முடிந்த அன்று அடர்த்தியாகவும் கூர்மையாகவும் இருக்கும். ஐந்தாம் நாளிலிருந்து பொருக்கு உதிரும். இரண்டாம் வாரத்தில் நிறமே காணாமல் போனதுபோல் வெளிறும். நான்காம் வாரம் முதல் உண்மையான நிறம் மேலே வரும். அதனால்தான் டச்-அப்பை, அதாவது விட்ட இடங்களைத் திருத்தும் இரண்டாம் அமர்வை, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து வைக்கிறார்கள். மூன்று நாளில் முடியும் வகுப்பில் மாணவர் பார்ப்பது வீங்கிய, புதிய புருவம் மட்டும். தன் கை அழுத்தம் கூடியதா குறைந்ததா என்பதைச் சொல்லும் ஒரே சாட்சி ஆறிய தோல். அது வரும்போது வகுப்பு முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருக்கும், பக்கத்தில் ஆசிரியர் இருக்கமாட்டார். தொழிலின் மிக முக்கியமான பாடத்தைப் பணம் கட்டிய வாடிக்கையாளரின் முகத்தில் தனியாகக் கற்க வேண்டிவரும்.

நூறு மணி நேரத்தை ஒட்டிய பயிற்சிகள் கட்டணத்தில் கூடுதல். ஆனால் அவை பல மாதங்களுக்குப் பரவியிருந்தால் மாடல்கள் டச்-அப்புக்குத் திரும்பி வருவதை ஆசிரியரோடு உட்கார்ந்து பார்க்கலாம். நூறு மணி நேரத்தையும் இரண்டே வாரத்தில் அடைத்துவிடும் வகுப்பில் அந்தப் பலன் இல்லை. மணி எண்ணிக்கையை விட, முதல் மாடலுக்கும் கடைசி வகுப்புக்கும் நடுவே எட்டு வாரமாவது இருக்கிறதா என்று பாருங்கள். குறுகிய வகுப்பைத் தவிர வேறு வழியில்லை என்றால், டச்-அப் நாளில் ஆசிரியர் உடனிருப்பாரா என்று கேளுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் என்றாலும் கட்டுங்கள். வகுப்புச் செலவிலேயே அதிகம் பயன்தருவது அந்தத் தொகைதான்.

எதை முதலில் கற்பது என்பதிலும் தெளிவாகவே சொல்லிவிடுகிறோம்: மைக்ரோபிளேடிங்கை முதலில் எடுக்க வேண்டாம். வரிசையாக ஊசிகள் பதித்த அந்தக் கைக்கத்தி தோலைக் கீறித்தான் நிறம் வைக்கிறது. கருவி மலிவு, வகுப்பு குறுகியது, அதனால் எல்லோரும் அங்கே தொடங்குகிறார்கள். ஆனால் எண்ணெய்ப் பசையுள்ள தோலில் கோடுகள் சில மாதத்திலேயே கலந்துவிடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கீறினால் தழும்பு நிற்கும். கீலாய்டு (தடித்து வளரும் தழும்பு) வரும் உடல்வாகு உள்ளவருக்கு அதைச் செய்யவே கூடாது. மெஷினால் புள்ளிகளாக நிரப்பும் பவுடர் புருவம் ஏறத்தாழ எல்லாத் தோலுக்கும் ஏற்றது. அந்தக் கைப்பழக்கம் பிறகு உதட்டுக்கும் தலையில் புள்ளி வைக்கும் வேலைக்கும் அப்படியே உதவும். உதட்டு வேலை இரண்டாவதாக வரலாம். முன்பு உதட்டில் அக்கிக் கொப்புளம் வந்தவருக்கு ஊசி பட்டால் அது திரும்பக் கிளம்பக்கூடும், முன்கூட்டியே மருத்துவரிடம் மாத்திரை கேட்கச் சொல்ல வேண்டும். கருநீலம் கலந்த உதட்டில் நேராக இளஞ்சிவப்பு வைத்தால் அழுக்கு நிறம்தான் வரும்; ஆரஞ்சுச் சாயலால் அந்த நீலத்தை முதலில் சமன்செய்ய வேண்டும், அதற்கு இரண்டு மூன்று அமர்வுகள் ஆகலாம். ஐலைனரைக் குறைந்தது ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள்.

கிட்டுக்கும் நிறமிக்கும் போகும் பணம்

வகுப்போடு தரும் கிட் பெரும்பாலும் கட்டணத்தை நியாயப்படுத்த வைத்த அலங்காரம். அதில் வரும் மெஷின் ஆறு மாதத்தில் அதிரத் தொடங்கினால் புதிதாகத்தான் வாங்க வேண்டும். கிட் வேண்டாம், கட்டணத்தைக் குறையுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். சேமித்ததில் ஊசி அசையாத நல்ல ரோட்டரி மெஷின் ஒன்று, நிறமி பின்னால் ஏறாமல் தடுக்கும் சவ்வு உள்ள கார்ட்ரிட்ஜ்கள் (கழற்றி மாட்டும் ஊசிக் கூடுகள்), நிழல் விழாத விளக்கு, உயரம் மாற்றக்கூடிய நாற்காலி, இவ்வளவும் வாங்குங்கள். புருவத்துக்கு மெல்லிய ஒற்றை ஊசியும் மூன்று ஊசி வட்டமும் தொடக்கத்துக்குப் போதும். டாட்டூவில் கோடு போடும் லைனர் ஊசி மூன்று அளவு, நிழல் நிரப்ப மேக்னம் என்ற வளைந்த அகல ஊசி இரண்டு அளவு என்று தொடங்கலாம், 0.35, 0.30 மி.மீ. ஊசிகள் அங்கே சாதாரணம்.

நிறமியில் சிக்கனம் கூடாது. புருவ நிறமியில் இரும்பு ஆக்சைடு கலவை என்றால் மஞ்சள் முதலில் மங்கிச் சிவப்பு மிஞ்சும், கார்பன் கருப்பு கூடியது என்றால் சாம்பலாக நிற்கும். எது எப்படி மங்கும் என்று தெரிந்தால்தான் டச்-அப்பில் திருத்த முடியும். டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த வெளிர் நிறத்தில் லேசர் பட்டால் அது மறைவதற்குப் பதில் கருத்துவிடக்கூடும், எனவே அதைப் போட்டு மறைப்பது எளிதான திருத்தம் அல்ல. சட்டமும் இங்கே செலவை மாற்றும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி 4 முதல் டாட்டூ, பெர்மனென்ட் மேக்கப் மைகளில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தியது. புளூ 15:3, கிரீன் 7 என்ற நிறமிகள் இரண்டுக்கும் ஒரு வருடம் கூடுதல் அவகாசம் கொடுத்தது. அன்று அலமாரி நிறைய மை வைத்திருந்தவர்களுக்கு இழப்பு. தொடங்குபவர் ஐந்தாறு நிறங்களோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

போட்டது எப்போது திரும்பும்

எண்களோடு பார்ப்போம், ஒருவரின் புருவ வேலைக்கு டச்-அப்போடு சேர்த்து நீங்கள் வாங்கும் முழுக் கட்டணம் ஒரு பங்கு. வகுப்பும் பொருட்களும் சேர்ந்து 15 பங்கு என்று வையுங்கள். முதல் 20 பேருக்கு மூன்றில் ஒரு பங்குக் கட்டணம் வாங்கினால் வருவது 7 பங்குக்குச் சற்றுக் குறைவு. ஒருவருக்கு ஆகும் ஊசி, நிறமி, கையுறை, வாடகை எல்லாம் கால் பங்கு என்றால் அந்த 20 பேருக்கே 5 பங்கு போய்விடும். மிச்சம் 2 பங்குகூட இல்லை. பாக்கி 13 பங்குக்கு மேல் வர, தலைக்கு முக்கால் பங்கு லாபத்தில் முழுக் கட்டணம் தருபவர் இன்னும் 18 பேர் வேண்டும். ஆக 38 பேர், டச்-அப்போடு 76 அமர்வு. வாரம் இரண்டு புதியவர் என்றால்கூட நாலரை மாதம். ஆறு வாரத்தில் போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்ற பேச்சை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

மணிக்கணக்கும் ஏமாற்றும். பேச்சு, அளந்து வரைதல் உட்பட முதல் அமர்வு இரண்டரை மணி, டச்-அப் ஒன்றரை மணி, இரு முறையும் தயாரிப்பும் சுத்தமும் அரை மணி: ஒரு புருவம் ஐந்து மணி நேர வேலை. டாட்டூவில் நான்கு மணி நேர வடிவத்துக்கு வரைய இரண்டு மணி, முன்பின் ஒரு மணி என்று ஏழு மணி போகும். அதில் ஸ்டூடியோ 40 சதவீதம் எடுத்தால் ஏழு மணி உழைப்புக்குக் கையில் நிற்பது 2.4 மணி நேரக் கூலி. தொடக்கத்தில் புருவக்காரர் மணிக்குக் கூடுதலாக எடுப்பது இதனால்தான்.

பின்னால் இது மாறும். புருவம் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வருடத்தில் மங்கும், வாடிக்கையாளர் திரும்பி வருவார், வருமானம் சீராகும். ஆனால் குறுகிய வகுப்புகள் ஆண்டுதோறும் புதியவர்களைக் கொண்டுவருவதால் புருவத்தின் விலை கீழே இழுபடும். டாட்டூவில் வருமானம் ஏற்ற இறக்கம்தான். ஆயினும் சொந்தப் பாணி உள்ள ஆர்ட்டிஸ்ட்டுக்கு ஈடு இன்னொருவர் இல்லை, முழுக் கைக்கோ முதுகுக்கோ பல அமர்வுகள் ஒரே ஆளிடம் நடக்கும். வரையும் கை உள்ளவருக்கு நீண்ட ஓட்டத்தில் அதுவே நல்ல பாதை. வரைவதில் நாட்டமில்லாமல் முக அளவையும் நிறத்தையும் நுணுக்கமாகப் பார்க்கும் கண் இருப்பவருக்குப் பெர்மனென்ட் மேக்கப்.

போட்டி குறைந்த இரண்டு கிளைகளும் உண்டு. தலையில் முடிவேர் போலப் புள்ளி வைக்கும் வேலை வழக்கமாக இரண்டு மூன்று அமர்வு. அங்கே ஒரே அளவுப் புள்ளியை ஆயிரக்கணக்கில் வைக்கும் பொறுமைதான் திறமை. மார்பக அறுவைக்குப் பின் காம்புப் பகுதியை முப்பரிமாணமாக வரைவது மற்றொன்று. தழும்புத் தோலில் நிறம் சீராகப் பிடிக்காது, சில இடத்தில் உணர்வும் இருக்காது. இதைச் சில வருட அனுபவத்துக்குப் பிறகுதான் தொட வேண்டும். நிழல், ஒளி வரையத் தெரிந்த டாட்டூ ஆர்ட்டிஸ்ட் இதில் சீக்கிரம் தேறுவார்.

டாட்டூவிலிருந்து புருவத்துக்கு மாறுபவர் கைப்பழக்கத்தால் ஆழமாகக் குத்துவார்; அழுத்தத்தைக் குறைக்கப் பழகவே மாதங்கள் ஆகும். புருவத்திலிருந்து டாட்டூவுக்கு வருபவருக்கு நீளமான கோடு ஒரே இழுப்பில் வராது, தோளிலிருந்து கையை நகர்த்தப் பழக வேண்டும். இரண்டு பக்கத்திலும் கழுத்தும் மணிக்கட்டும் தேயும் என்பதால் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பை முதல் மாதமே வைத்துக்கொள்ளுங்கள். மனிதத் தோலைத் தொடும் முன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணையும் முடிந்திருக்க வேண்டும். வழக்கமான அட்டவணையில் அதற்கு ஆறு மாதம் ஆகும், எனவே எந்தப் பாதை என்று முடிவு செய்வதற்கு முன்பே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.