நைல் க்ரூஸ்ல கோயில் பாக்கணுமா: பெரிய கப்பலா, டஹபியாவா, இல்ல நாசர் ஏரியா?

எகிப்து போக ப்ளான் பண்றவங்க முதல்ல கேக்குறது கப்பல்ல ரூம் எப்படி, சாப்பாடு எப்படின்னுதான், ஆனா கோயில் பாக்கத்தான் போறோம்னா அந்த படகு நம்மள எந்த நேரத்துல, எத்தனை பேரோட கோயில் வாசல்ல இறக்கிவிடுதுங்கறதுதான் முக்கியம்.

பெரிய மோட்டார் கப்பல்தான் எல்லாருக்கும் தெரிஞ்சது. பொதுவா லக்சர்லேர்ந்து அஸ்வான் நாலு நைட், அஸ்வான்லேர்ந்து லக்சர் மூணு நைட். செலவு கம்மி, கர்னாக், லக்சர் கோயில், எட்ஃபு, கோம் ஓம்போ, ஃபிலே எல்லாம் ஒரே ட்ரிப்ல முடிஞ்சிடும். வயசான அப்பா அம்மா, சின்ன பசங்க கூட வந்தா யோசிக்காம இதையே எடுங்க. குறை என்னன்னா எல்லா கப்பலும் கிட்டத்தட்ட ஒரே டைம்டேபிள்ல ஓடுது. கரையில ஒண்ணு பக்கத்துல ஒண்ணா கட்டி நிறுத்துவாங்க, ஜன்னலைத் திறந்தா நைல் தெரியாது, பக்கத்து கப்பல் ரூம்தான் தெரியும். அது கூட பரவால்ல, எட்ஃபுல காலைல எல்லா கப்பல் கூட்டமும் ஒண்ணா உள்ள நுழையும்போதுதான் மனசு கஷ்டமா இருக்கும். கி.மு. 237ல ஆரம்பிச்சு கி.மு. 57 வரைக்கும் கட்டின, ஹோரஸ்ங்கற பருந்து முகக் கடவுளோட கோயில் அது, உள்ள போகப் போக தரை உயர்ந்துட்டே, கூரை இறங்கிட்டே, வெளிச்சம் குறைஞ்சுட்டே வந்து கடைசில இருட்டான ஒரு கருவறை, நம்ம ஊர் பழைய கோயில்ல மகாமண்டபம் தாண்டி உள்ள போற மாதிரியே இருக்கும். அதை நின்னு நிதானமா அனுபவிக்கணும், பின்னாடி தள்ளிட்டு இருந்தா எப்படி?

இங்கதான் டஹபியா ஜெயிக்குது. ரெண்டு பாய் கட்டின படகு, பத்து ரூம் இருந்தாலே பெருசு, இன்ஜின் கிடையாது, காத்து இல்லைன்னா ஒரு சின்ன டக் போட் இழுத்துட்டுப் போகும். நைல் வடக்க ஓடுது, காத்து வடக்கேர்ந்து தெற்க அடிக்குது, அதனால பாய் விரிச்சுப் போறதுக்கு தெற்கு திசைதான் வசதி, பெரும்பாலும் லக்சருக்குத் தெற்க இருக்கிற எஸ்னாங்கற ஊர்ல ஏறி அஸ்வான்ல இறங்குவீங்க. லக்சரை நீங்களே தனியா ரெண்டு நாள் வச்சுப் பாத்துக்கணும், விலையும் நல்லாவே ஜாஸ்தி. ஆனா பெரிய கப்பலெல்லாம் நிக்காம தாண்டிப் போற கெபெல் எல் சில்சிலால இது நிக்கும். எட்ஃபு, கோம் ஓம்போ, கர்னாக்னு நீங்க பாக்குற கோயில்களுக்கெல்லாம் மணற்கல் வெட்டி எடுத்த மலை அது! உளி அடிச்ச கோடு இன்னும் அப்படியே இருக்கு, ஹோரெம்ஹெப்ங்கற எகிப்து ராஜா மலையைக் குடைஞ்சு செஞ்ச குகைக்கோயிலும் ஆத்தங்கரையிலயே இருக்கு. எல் காப்லயும் நிறைய டஹபியா நிறுத்துறாங்க. வெளியூர்லேர்ந்து வந்து எகிப்தை ஆண்ட ஹிக்சோஸ்காரங்களோட சண்டை போட்ட அஹ்மோஸ்ங்கற படகுப்படை வீரன், தானே கதை சொல்ற மாதிரி சுவத்துல எழுதியிருக்கிற கல்லறை அங்கதான்.

மூணாவது, அஸ்வான் பெரிய அணையால உண்டான நாசர் ஏரில போற க்ரூஸ். இதைப் பத்தி நம்மாளுங்க யாரும் பேசறதே இல்ல. அஸ்வான் பெரிய அணை நடுவுல இருக்கறதால நைல் கப்பல் அந்தப் பக்கம் போக முடியாது, ஏரிக்குன்னு தனியா கொஞ்சம் கப்பல் இருக்கு. அணைத் தண்ணில மூழ்காம இருக்க இடம் மாத்தின கோயில்கள்தான் இதுல ஹைலைட். அமாடா கோயிலோட முக்கியமான பகுதியை பிரிக்காம, அப்படியே தண்டவாளத்துல வச்சு சுமார் 2.6 கிலோமீட்டர் நகர்த்தியிருக்காங்க. வாடி எஸ் செபுவா கோயிலை பிற்பாடு கிறிஸ்தவங்க சர்ச்சா மாத்தி செயின்ட் பீட்டர் படம் வரைஞ்சாங்க, இப்ப பாத்தா அதைக் கட்டின ராஜா ரெண்டாம் ராம்செஸ் பீட்டருக்குப் பூ குடுக்குற மாதிரி நிக்கிறார். கடைசில அபு சிம்பெல், அதே ராம்செஸ் மலையைக் குடைஞ்சு செஞ்ச கோயில். 1964லேர்ந்து 68 வரைக்கும் துண்டு துண்டா அறுத்து 65 மீட்டர் மேல ஏத்தி வச்சது, அதுக்கு நேர் எதிர்லயே கப்பல் நிக்கும். அஸ்வான்லேர்ந்து ரோட்டுல போனா விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி, ஒரு வழிக்கே மூணு மணி நேரத்துக்கு மேல உக்காந்துட்டுப் போய், கொஞ்ச நேரம் பாத்துட்டு திரும்பணும்.

என் கருத்து: முதல் தடவைன்னா, கையில காசு இருந்தா, லக்சர்ல ரெண்டு நாள் தங்கிட்டு எஸ்னாலேர்ந்து டஹபியா. பட்ஜெட் இடிச்சா பெரிய கப்பல்லயே போங்க, ஆனா புக் பண்றதுக்கு முன்னாடி எட்ஃபுல எத்தனை மணிக்கு இறக்குவீங்கன்னு கேட்டு, அதை மெயில்ல எழுதி வாங்கிக்கோங்க. நாசர் ஏரி ரெண்டாவது தடவைக்கு.