காலைத் தூக்க முடியாதவருக்கு ஊசி பேக்கேஜ் விற்ற கிளினிக்: கடலூர்க்காரர்கள் கவனத்துக்கு

கீழே விழுந்த ஒருவரால், படுத்த நிலையில் முட்டியை மடக்காமல் காலைத் தூக்க முடியவில்லையா? அவரை எந்த 'மூட்டு வலி சென்டருக்கும்' அழைத்துப் போகாதீர்கள். எலும்பு அறுவை சிகிச்சை நடக்கிற மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். என் அப்பாவுக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, சர்க்கரையும் உண்டு. மழை நாளில் திருப்பாதிரிப்புலியூர் வீட்டு வாசல்படியில் வழுக்கினார். விழாமல் இருக்கக் காலை அழுத்தி ஊன்றியபோது முட்டிக்கு மேலே 'டப்'பென்று ஏதோ அறுந்தது போல இருந்ததாம். கொஞ்ச நேரத்தில் முட்டி வீங்கிவிட்டது. சமதரையில் காலை இழுத்து இழுத்து நடந்தார். படியில் வைத்தால் முட்டி தானாக மடிந்தது.

'ஆபரேஷன் இல்லாமல் நிரந்தரத் தீர்வு' என்று ஊர் முழுக்கப் பேனர் கட்டியிருந்த ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்புல ஒண்ணும் இல்லீங்கய்யா, ஜவ்வு லேசா இழுத்துக்கிச்சு. அஞ்சு ஊசி போட்டா பழையபடி நடந்துடலாம்" என்றார் அங்கிருந்த டாக்டர். காலைத் தூக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. முட்டிக்கு மேலே விரல் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த அறையில் ஒரு பெண் பேக்கேஜ் அட்டையை நீட்டினார். அப்பாவின் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுற்றி, முட்டிக்குள் போடுகிற பிஆர்பி ஊசி, கூடவே கரண்ட் வைப்பது, எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய், முன்பணமாக. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது.

முதல் ஊசிக்குப் பிறகு வலி நன்றாகவே குறைந்தது. ஆனால் கால் மட்டும் எழும்பவில்லை. வீட்டில் சர்க்கரை பார்த்தால் எப்போதும் இல்லாத அளவுக்கு ஏறியிருந்தது. கேட்டபோது, "சாப்பாட்டைக் குறைங்க ஐயா" என்றார்கள். கரண்ட் வைக்கிற பையன் ஒவ்வொரு முறையும் முட்டியைப் பிடித்து அழுத்தி மடக்கினான். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார். இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது.

கடைசியில் புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கிற ஜிப்மர் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே ஒரு இளம் டாக்டர், "ஐயா, காலை நீட்டினபடியே தூக்குங்க" என்றார். முடியவில்லை. முட்டிச் சில்லுக்கு மேலே விரலை வைத்தார், விரல் பள்ளத்தில் இறங்கியது. என் விரலையும் அங்கே வைத்துக் காட்டினார். பிறகு, கிளினிக்கில் முதல் நாள் எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கவாட்டுப் படத்தில் சில்லு இருக்க வேண்டிய இடத்தைவிடக் கீழே இறங்கி இருந்தது. எனக்கு இன்றும் ஆறாதது இதுதான். அறுந்ததற்கான அடையாளம் முதல் நாளே அவர்கள் கையில் இருந்த படத்தில் இருந்திருக்கிறது.

தொடையின் முன்பக்கப் பெரிய தசையைச் சில்லோடு இணைக்கிற தடித்த தசைநாண் முழுதாக அறுந்திருந்தது. காலை நீட்டுவதே அந்தத் தசையின் இழுப்பால்தான். நாற்பது வயதுக்கு மேல் இது அதிகம் அறுகிறது. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். எக்ஸ்ரேயில் தசைநாண் நேரடியாகத் தெரியாது, அல்ட்ராசவுண்ட் ஸ்கேனோ எம்ஆர்ஐயோ எடுத்தால் தெரியும். பாதி அறுந்து, காலைத் தூக்க முடிகிறது என்றால் முட்டியை நீட்டி வைத்துச் சில வாரம் கட்டுப் போட்டே ஆற்றலாம். முழுதாக அறுந்தால் தைத்துத்தான் ஆக வேண்டும், அதுவும் இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்வது நல்லது. தாமதித்தால் தசை சுருங்கி, அறுந்த முனை மேலே ஏறிக்கொள்ளும். எந்த ஊசியும் அதைக் கீழே இழுத்து ஒட்டாது. கயிறு அறுந்த பிறகு கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் போடுவது போன்ற வேலை அது.

சீக்கிரம் வந்திருந்தால் சில்லில் துளையிட்டு நேராகத் தைத்திருப்பார்கள். அப்பாவுக்கு முனைகள் எட்டாமல், தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாண் எடுத்து வைத்துக் கட்ட வேண்டியதாயிற்று. ஆறு வாரம் முட்டி மடங்காமல் பிரேஸ். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கும் பயிற்சி, மாதக்கணக்கில். இப்போது நடக்கிறார். ஆனால் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை, படி இறங்கக் கைப்பிடி வேண்டும்.

பேக்கேஜ் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கிளினிக்கில் கத்தினார்கள். எழுத்து மூலம் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. வந்த காகிதத்தில், முதல் ஊசி ஸ்டீராய்டு என்று இருந்தது. வலி குறைந்ததும் சர்க்கரை ஏறியதும் அதனால்தான். தசைநாணைப் பலவீனப்படுத்தக்கூடிய மருந்தை, அறுந்து கிடந்த இடத்தில், சர்க்கரைக்காரருக்கு, ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டிருக்கிறார்கள்.

தேவனாம்பட்டினம் பக்கம் வாலிபால் ஆடும் பையன்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குதித்துக் குதித்துச் சில்லுக்குக் கீழே வலி வருகிறதே, அது பெரும்பாலும் அறுந்தது இல்லை, அளவுக்கு மீறிய பளுவால் தசைநாண் நொந்திருப்பது. குதிப்பதைக் குறைத்து, தொடையைப் படிப்படியாகப் பலப்படுத்தும் பயிற்சியைச் சில மாதம் செய்வதுதான் அதற்கு முதல் சிகிச்சை. அங்கேயும் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு மேட்ச் ஆட இறங்காதீர்கள்.

காசு கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் போட்டிருக்கிறேன். இப்படி முன்பணம் கட்டிய வேறு யாராவது இருந்தால் துண்டுச் சீட்டையும் பழைய எக்ஸ்ரேயையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். ஊசியின் பெயர் என்ன என்று எழுதிக் கேளுங்கள்.