டிரைவர் வாங்கப் போகிறீர்களா? திரையில் தெரியும் 229 யார்டை நம்பாதீர்கள்

சென்ற ஆகஸ்டில் சென்னையில் ஒரு கோல்ஃப் கடையில் 76,500 ரூபாய் கொடுத்து டிரைவர், அதாவது முதல் அடியில் தூரம் அடிக்கும் கோல்ஃப் மட்டை, வாங்கினேன். அதை எப்படி என் தலையில் கட்டினார்கள் என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. டிரைவர் எந்தக் கம்பெனி என்றும் சொல்லப்போவதில்லை. பொருளில் குறை கிடையாது, விற்ற விதத்தில்தான் குறை. என்னோடு ஆடும் இரண்டு பேர் வேறு வேறு இடங்களில் கிட்டத்தட்ட இதே மாதிரி மாட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

எனக்கு வயது 57, ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) 22. சனி, ஞாயிறு காலையில் நந்தனத்தில் ஆடுவேன். ஒன்பது வருடமாக ஒரே டிரைவர், பந்தை அடிக்கும் முகத்தின் சாய்வு (லாஃப்ட்) 10.5 டிகிரி. நன்றாகப் பட்டால் பந்து உருண்டு நிற்கும்போது 200 யார்டு. ஆனால் பாதிப் பந்து வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடும். அந்த ஸ்லைஸ் கொஞ்சம் குறைந்தால் போதும், தப்பாகப் பட்டாலும் பந்து ஃபேர்வே என்ற வெட்டிய புல் பாதையை ஒட்டி இருந்தால் போதும். இதைத்தான் கடையில் கேட்டேன். தூரம் கேட்கவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

"எவ்வளவு போகுது சார்?" என்றார் விற்பனையாளர். இருநூறு என்றேன். "உங்களுக்கு ஸ்பின் ஜாஸ்தி சார். அதான் தூரமும் போகல, ஸ்லைஸும் ஆகுது." ஸ்பின் என்றால் பந்து பின்னோக்கிச் சுழலும் வேகம். அவர் இதைச் சொன்னபோது நான் ஒரு பந்துகூட அடிக்கவில்லை.

பழைய டிரைவர் காரில் இருக்கிறது, முதலில் அதை அடித்துப் பார்த்து ஒப்பிடலாமே என்று கேட்டேன். "வேணாம் சார், பழசு. தலை கழண்டு ஸ்க்ரீன்ல பட்டா கிழிஞ்சிடும், ஓனர் என்னைத்தான் கேப்பார்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. முழு மோசடியும் நின்றது அந்த ஒரு மறுப்பின் மேல்தான். பழைய டிரைவரின் கணக்கு என் வாயிலிருந்து வந்த "இருநூறு", புது டிரைவரின் கணக்கு, பந்தை அளந்து திரையில் தூரம் காட்டும் அவர்கள் இயந்திரத்திலிருந்து வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்றார்கள்.

9 டிகிரி தலையைக் கொடுத்தார். அந்த வரிசையின் மற்ற தலைகளைப் போலவே வடிவம், அதே குடும்பப் பெயர், பின்னால் இரண்டு எழுத்து மட்டும் வேறு. "இப்போ எல்லாமே பத்தாயிரம் எம்.ஓ.ஐ. சார், எங்க பட்டாலும் நேரா போகும்" என்றார். எம்.ஓ.ஐ. என்ன என்று பின்னால் சொல்கிறேன். தலையும் தண்டும் சேரும் இடத்தில் உள்ள ஸ்லீவைத் திருப்பி 8 டிகிரிக்கு இறக்கினார். தலையில் திருகிப் பொருத்தும் இரண்டு எடைகளில் கனமானதை முன்பக்கம், முகத்துக்கு அருகில் போட்டார். 65 கிராம், விறைப்பான (ஸ்டிஃப்) ஷாஃப்ட், அதாவது தண்டு, கூடுதலாக 16,000 ரூபாய். ஒவ்வொரு அடிக்கும் அவர் கையில் இருந்த டேப்லெட்டைத் தொட்டார். "இது வார்ம்-அப், கணக்கு வேணாம்." "இது கால் வழுக்கிடுச்சு." கடைசியில் திரையில் பச்சை எழுத்தில் பெரிதாக 229 யார்டு, ஸ்பின் நிமிடத்துக்கு 1,950 சுற்று. "டூர் ப்ளேயரை விடக் கம்மி ஸ்பின் சார்!" தலைக்கு 58,000, ஷாஃப்டுக்கு 16,000, ஃபிட்டிங் கட்டணம் 2,500. கார்டைத் தேய்த்துவிட்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

மூன்று வாரம் ஆடினேன். செப்டம்பர் மாலை மழையில் தரை ஈரமாகவே இருந்தது. பந்து எழும்பாமல் தாழ்வாகப் போய், வலப்பக்கம் சாய்ந்து, விழுந்த இடத்திலேயே நின்றது. பல வருடமாக எனக்குப் பை தூக்கும் கேடி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் ஏழாவது குழிக்கு முதல் அடி அடிக்கும் இடத்தில் சொன்னார்: "சார், பந்து ஏறவே மாட்டேங்குது. மேல போயி மிதக்கணும்ல, தொப்புனு விழுந்துடுது. பழசையே எடுங்க சார்."

கடைக்குப் போனேன். புது கிளப் பழக நாளாகும் என்றார்கள். மறுபடி போனேன். எடையை இடம் மாற்ற இன்னொரு 2,500 கேட்டார்கள். நானே மாற்றிக்கொள்கிறேன், சாவியைக் கொடுங்கள் என்றதற்கு, "நீங்க ஸ்க்ரூவைத் தொட்டா வாரண்ட்டி போயிடும்" என்றார் மேலாளர். இது அப்பட்டமான பொய். திருகித் திருப்பிக்கொள்ளும் டிரைவரைச் செய்வதே ஆடுபவர் தானே மாற்றிக்கொள்ளத்தான். அளவான இறுக்கத்தில் 'டக்' என்று ஒலி எழுப்பி நிற்கும் சாவி பெட்டியோடு வரும். கம்பெனியின் கையேட்டில் படம் போட்டே விளக்கியிருக்கிறார்கள். என் பெட்டியில் அந்தச் சாவி இல்லை. அதைத் தனியாக விற்க எடுத்து வைத்திருந்தார்கள்.

வாங்கிய அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு அறிக்கை அனுப்பியிருந்தார்கள். அதுவரை திறந்துகூடப் பார்க்கவில்லை. அன்றிரவு திறந்தேன். பெரிய எழுத்தில் 229. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், பந்து காற்றில் பறந்த தூரம், அதாவது கேரி, 192. மீதி 37 யார்டு உருண்டது. தரை என்ற இடத்தில் 'கடினம்'. அடித்த பந்துகள் 22, கணக்கில் சேர்த்தவை 7. மூலையில், உயரம் 3,000 அடி.

சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது. 3,000 அடியில் இருப்பது பெங்களூரு. உயரம் கூடினால் காற்று மெலியும், பந்து கூடுதலாகப் பறக்கும். கொடைக்கானலிலோ ஊட்டியிலோ ஆடியவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் என்பது ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆக, எனக்குக் காட்டிய 192-இல் ஆறேழு யார்டு பெங்களூருக் காற்றுக்குச் சொந்தம். 37 யார்டு உருளல் நம் ஊர் ஈரப் புல்லில் கிடைக்கவே கிடைக்காது. கேட்டதற்கு, "மெஷின் எங்க பெங்களூர் கிளையிலேருந்து வந்தது சார், செட்டிங் மாத்த மறந்துட்டாங்க" என்றார் மேலாளர். மறந்திருக்கலாம். ஆனால் 15 பந்தை அழித்தது மறதி இல்லை.

அடுத்து ஒரு பயிற்சியாளரிடம் போனேன். அவர் கிளப் விற்பதில்லை, அதனாலேயே அவரைத் தேடிப்போனேன். திறந்தவெளிப் பயிற்சித் திடலில், கேமராவால் பந்தைப் படம் பிடித்து அளக்கும் கருவியை வைத்து, என் சொந்தப் பந்திலேயே பழையதில் பத்து, புதியதில் பத்து அடிக்கச் சொன்னார். எதையும் அழிக்கவில்லை. பழைய டிரைவர் சராசரி கேரி 179, இடமும் வலமுமாகச் சிதறிய அகலம் 24 யார்டு. கடைக்காரர் செட் செய்து கொடுத்த புது டிரைவர் 168, சிதறல் 38. பணத்தைக் கொட்டிப் பதினோரு யார்டு இழந்திருக்கிறேன். அந்த எண்களைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்று அவர் விளக்கியதைச் சொல்கிறேன், வாங்கப் போகிற எல்லோருக்கும் பயன்படும்.

கழைக்கூத்தாடி கயிற்றில் நடக்கும்போது கையில் நீளமான கழி வைத்திருப்பார். கனம் இரண்டு ஓரமும் தள்ளி இருப்பதால் அது சட்டென்று திரும்பாது, ஆளும் சாய மாட்டார். டிரைவர் தலையிலும் அப்படித்தான். கனம் முகத்தை விட்டுப் பின்னாலும் ஓரங்களிலும் தள்ளியிருந்தால், பந்து நடுவை விட்டு விலகிப் பட்டாலும் தலை அதிகம் முறுக்கிக்கொள்ளாது. இதற்குப் பெயர்தான் எம்.ஓ.ஐ., பள்ளிக்கூடப் பாடத்தில் நிலைமத் திருப்புத்திறன். விதிப்படி தலையின் கொள்ளளவு 460 சிசி-க்குள் இருக்க வேண்டும். செங்குத்து அச்சைச் சுற்றிய திருப்புத்திறன் 5,900 கிராம் சதுர செ.மீ.-ஐத் தாண்டக் கூடாது, அதோடு 100 மட்டும் சலுகை. பிறகு பத்தாயிரம் எப்படி? 2024-இல் பிங் ஜி430 மேக்ஸ் 10கே வந்தபோது சொன்ன பத்தாயிரம், செங்குத்து அச்சு, கிடை அச்சு இரண்டையும் கூட்டிய கணக்கு. அதுவும் அந்த ஒரு மாடலுக்கு. ஒரே குடும்பத்தில் குறைந்த ஸ்பினுக்கென்று தனியாக வரும் தலையில் கனம் முன்பக்கம் வந்துவிடும், தப்பாகப் பட்டாலும் பொறுக்கும் தன்மை குறையும். எனக்கு விற்றது அந்த வகை. போதாக்குறைக்கு, கனமான எடையையும் முன்னால் போட்டு, இருந்த கொஞ்சத்தையும் குறைத்துவிட்டார்கள். பொறுத்துப்போகும் டிரைவர் கேட்டவனுக்கு அதற்கு நேர் எதிரானதைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஸ்லீவ் விஷயம் இன்னும் மோசம். பெரும்பாலான ஸ்லீவ்களில் லாஃப்டைக் குறைத்தால் முகம் வலப்பக்கம் திறந்துகொள்ளும், கூட்டினால் மூடிக்கொள்ளும். ஸ்லைஸ் அடிக்கிறவருக்கு லாஃப்டை இறக்கிக் கொடுப்பது வலப்பக்க மரத்தை நோக்கி வழிகாட்டுவதுதான்.

ஸ்பின் குறைவாக இருப்பதே பெருமை என்று எனக்குச் சொல்லப்பட்டது. அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களின் டிரைவர் ஸ்பின் சராசரியாக 2,600-ஐ ஒட்டித்தான் இருக்கிறது, அவர்கள் மட்டையை மணிக்கு 113 மைல் வேகத்துக்கு மேல் சுழற்றுகிறார்கள். என் வேகம் 86. என் வேகத்தில் சுழல்தான் பந்தை மேலே தாங்கிப் பிடிக்கிறது. தரையிலிருந்து ஒன்பது டிகிரி ஏற்றத்தில் கிளம்பி 1,950 ஸ்பினோடு போகும் பந்துக்கு மிதக்கத் தெம்பு இல்லை. எனக்கு வேண்டியது 13, 14 டிகிரி ஏற்றமும் 2,500-இலிருந்து 2,800 வரை ஸ்பினும் என்றார் பயிற்சியாளர். கேடி கண்ணால் பார்த்துச் சொன்னதைத்தான் இவர் எண்ணில் சொன்னார்.

அடுத்து வெள்ளைப்பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தில் பெரிய புள்ளி வைத்து, அந்தப் புள்ளி முகத்தில் ஒட்டுகிறபடி டீ என்ற சின்னக் குச்சியில் வைத்து அடிக்கச் சொன்னார். பத்தில் எட்டுத் தடம் ஹீல் பக்கம் (ஷாஃப்டை ஒட்டிய பக்கம்), முகத்தின் கீழ்ப்பாதியில். கீழே பட்டால் பந்து தாழ்வாகக் கிளம்பும், ஸ்பின் கூடும். ஹீலில் பட்டால் வலப்பக்கம் வளையும். பழைய டிரைவரில் எனக்கு ஸ்பின் 3,300 வந்தது உண்மைதான், ஆனால் குற்றம் டிரைவரில் இல்லை, படும் இடத்தில். டீயை அரை அங்குலம் உயர்த்தி, பந்தை இடது குதிகாலுக்கு நேரே தள்ளி, பிடியை ஓர் அங்குலம் கீழே பிடித்தேன். அதே பழைய டிரைவரில் அரை மணியில் 2,700-க்கு இறங்கியது. மார்க்கர் விலை முப்பது ரூபாய்.

புது டிரைவரையும் அவர் விடவில்லை. கனமான எடையைப் பின்னால் மாற்றினார். ஸ்லீவை ஒரு டிகிரி கூட்டினார். அதே ஸ்லீவ் உள்ள 50 கிராம், விறைப்பு குறைந்த (ரெகுலர்) ஷாஃப்ட் ஒன்றை இரவல் கொடுத்தார். ஷாஃப்டில் போட்டிருக்கும் ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிஃப்) எழுத்துக்குத் தொழில் முழுமைக்கும் பொதுவான அளவு கிடையாது, ஒரு கம்பெனியின் எஸ் இன்னொன்றின் ஆர் ஆகலாம், எழுத்தைப் பார்த்து வாங்காதே என்றார். மறுபடி பத்துப் பந்து: கேரி 184, சிதறல் 22. பழையதை விட ஐந்து யார்டு. சரியாகப் பொருத்தினால் நல்ல டிரைவர்தான் அது.

ஆகவே கடைக்குப் போகிறவர்கள் உங்கள் பழைய டிரைவரை அதே இயந்திரத்தில், அதே பந்தில் முதலில் அடியுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். செட்டிங் பக்கத்தைத் திறந்து உயரம், வெப்பம், தரை மூன்றையும் கண்ணால் பாருங்கள். மொத்தத் தூரத்தைப் பார்க்காமல் கேரியையும், அதைவிட முக்கியமாகச் சிதறலையும் பாருங்கள். எந்தப் பந்தையும் உங்களைக் கேட்காமல் அழிக்க விடாதீர்கள். ரேடார் வகை இயந்திரம் என்றால், உள்ளரங்கில் பந்து பறக்கும் தூரம் குறைவு. அதற்கென்று குறியிட்ட பந்து இல்லாவிட்டால் ஸ்பின் எண் பெரும்பாலும் கணிப்புத்தான். என்ன பந்து போடுகிறார்கள் என்று கேளுங்கள். வாங்கிய பிறகு வீட்டிலேயே தைரியமாகத் திருகிப் பாருங்கள், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஆட்டச் சுற்று தொடங்கியபின் மாற்றக் கூடாது, கோல்ஃப் விதி 4.1 அதைத் தடுக்கிறது.

பில்லையும் கவனியுங்கள். என் பில்லில் "கோல்ஃப் கிளப் – 1" என்று மட்டுமே இருந்தது. மாடல் இல்லை, ஷாஃப்ட் நுழையும் கழுத்தில் (ஹோசல்) பொறித்த வரிசை எண் இல்லை, ஷாஃப்ட் விவரம் இல்லை. கீழே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று முத்திரை. அதைப் பார்த்து நான் ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டேன். பொருளுக்கு இல்லாத செயல்திறனை இருப்பதாகச் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஒரு முத்திரையால் அது சரியாகிவிடாது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்துப் பதிவு செய்தேன். இரண்டு வாரத்தில் கடையிலிருந்து போன் வந்தது. முதலில் கடையிலேயே வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், மறுத்தேன். பிறகு ஷாஃப்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு 16,000-மும் ஃபிட்டிங் கட்டணம் 2,500-ம் கணக்கில் போட்டார்கள். சாவியும் வந்தது, கூரியரில், ஒரு வார்த்தை கடிதம் இல்லாமல்.

மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். பில், வாட்ஸ்அப் உரையாடல், பயிற்சியாளரின் அளவுத்தாள், கடை அனுப்பிய அறிக்கை எல்லாம் இணைத்தாயிற்று. சென்னையில் இப்படித் திரையைப் பார்த்து டிரைவர் வாங்கியவர்கள் உங்கள் போனில் இருக்கும் அறிக்கையைத் திறந்து, மூலையில் உயரம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 3,000 என்று இருந்தால் அழித்துவிடாமல் எனக்கு எழுதுங்கள்.