ஆனைமலைக் கோகோ தோப்பு: சாக்லேட்டை விட ஊறுகாய்க்குப் போகலாம்

ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கோகோவைச் சுற்றிக் காட்டி, மதியச் சாப்பாடும் போடுகிறார்கள். வாசலில் சின்னக் கடை. ஆளுக்கு 600 ரூபாய். மாமியார், பையன், நான் என்று மூன்று பேர் போன ஞாயிறு போயிருந்தோம்.

தோப்புக்காரரே கூட்டிப் போகிறார். தென்னைக்கு நடுவே கோகோ, தென்னை மேலேறிய மிளகுக் கொடி, வாய்க்கால் ஓரம் ஜாதிக்காய். அடிமரத்திலேயே காய் தொங்குவதைப் பார்த்து, "இது பலாவா?" என்றான் பையன். ஒரு பழத்தை உடைத்துக் கொடுத்தார். கொட்டையைச் சுற்றியுள்ள வெள்ளைச் சதை சீத்தாப்பழம் மாதிரி, கொஞ்சம் புளிப்போடு. சப்பிவிட்டுத் துப்ப வேண்டும். மாமியார் கடித்துவிட்டார், பாவம்.

கொட்டையைப் பெட்டியில் வாழை இலை போட்டு மூடி ஆறு நாள் புளிக்க வைக்கிறார்கள். கை வைத்தால் சுடுகிறது. மூன்று கிலோ ஈரக்கொட்டை காய்ந்தால் ஒரு கிலோ தேறுமாம்.

"இவ்வளவு கோகோ இருக்கே, சாப்பாடு, கடை எல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டேன். அவர் சொன்ன கணக்குக்கே 600 ரூபாய் கொடுக்கலாம். 2024இல் காய்ந்த கொட்டை கிலோ ஆயிரம் ரூபாய் வரை போனது. 2025 முடிவதற்குள் உலகச் சந்தையில் விலை பாதியாகிவிட்டது. எண்பதுகளில் இப்படித்தான் விலை விழுந்து, கேரளத்தில் பலர் கோகோ மரத்தையே வெட்டிப் போட்டார்கள். மழை பிடித்தால் காய் கறுத்து அழுகும், தப்பியது அணிலுக்கு. சரி, தென்னை இருக்கிறதே என்றால், அதற்கு வெள்ளை ஈ, வேர்வாடல். (உடுமலையில் வெறும் தென்னையை நம்பி அப்பா பட்ட பாடு எனக்குத் தெரியும்.) அதனால் ஆடி வாக்கில் ஜாதிக்காய்க் காசு, தை மாசியில் மிளகுக் காசு. "நீங்கெல்லாம் ஞாயித்துக்கிழமைப் பயிருங்க" என்று சிரித்தார்.

சாப்பாடு அருமை. கொள்ளு ரசம் இரண்டு தடவை வாங்கினேன். கழிவறை சுமார்தான். அவர்களே செய்த சாக்லேட் நாக்கில் நறநறக்கிறது, 180 ரூபாய் அதிகம். பொள்ளாச்சி தாண்டுவதற்குள் உருகியும் விட்டது. ஆனால் ஜாதிக்காய்த் தோல் ஊறுகாய்! சிக்னல் கிடைக்காததால் ஜிபே வேலை செய்யவில்லை, கையிலிருந்த காசுக்கு ஒரு பாட்டில்தான் வாங்க முடிந்தது. புதன்கிழமையே காலி.