மாரியில் மடிக்கணினியோடு இரணைமடுப் பக்கம்

மழைக்காலத்தில் மலைநாட்டு விடுதியில் இருந்து வேலை செய்வதுதான் எங்கள் அலுவலகப் பொடியளின் இப்போதைய மோகம். வன்னியில் மலைக்கு எங்கே போவது? ஐப்பசி மழை பிடித்ததும் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்குக் கிட்ட ஒரு தோட்ட விடுதியில் அறை எடுத்தேன். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கி, கச்சான் வாங்கிக்கொண்டு ஓட்டோ பிடிக்கலாம்.

இணையம் சிம் போட்ட றவுட்டர்தான். சாதாரண நாளில் வீடியோ அழைப்பு ஓடும். பெருமழை அடித்தால் படம் உறைந்து குரல் மட்டும் வரும். மேலாளரின் முகம் பார்க்காமல் பேசியதில் எனக்கு நட்டம் இல்லை. கறண்ட் போனால் இன்வெர்ட்டர் உண்டு, ஆனால் றவுட்டரை அதில் கொழுவவில்லை! சொன்னதும் விடுதி அண்ணை வயர் இழுத்துத் தந்தார். கதிரை பிளாஸ்டிக், முதுகை வாங்கிவிடும்.

சாப்பாட்டுக்கு மட்டும் திரும்பப் போவேன். குளத்து விராலை உப்பும் தேசிக்காயும் போட்டு உரஞ்சிக் கழுவி, புளி கட்டியாக, வெந்தயம் கொஞ்சம் தூக்கலாக வைத்த குழம்பு. சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை வறை. இரண்டு மணி மீட்டிங்கில் நான் வாய் திறக்காததற்கு அதுதான் காரணம்.

இரவில் விளக்குப் போட்டால் ஈசல் திரையில் வந்து ஒட்டுகிறது. விசைப்பலகை இடுக்கெல்லாம் சிறகு. நுளம்பு வலையிலும் ஓட்டை.

குளத்தின் வான்கதவு திறந்தால் தாழ்வான பாதைகளில் தண்ணீர் ஏறும். 2018 மார்கழி வெள்ளம் நினைவிருக்கும்தானே. செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேற்குப் பக்க அறையைக் கேளுங்கள், கிழக்கு ஜன்னலால் சாரல் மேசை வரை அடிக்கிறது.