எட்டுக் கேள்வி, நாற்பது மதிப்பெண்: சி.ஏ.டி. படிவம் எவ்வளவு உதவுகிறது?

சிஓபிடி எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவரிடம் "மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டால், "பரவாயில்லை" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அந்தப் பரவாயில்லைக்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்று பிரித்துக் காட்டுவதே சி.ஏ.டி. (சிஓபிடி அசெஸ்மென்ட் டெஸ்ட்) படிவத்தின் வேலை. நுரையீரல் மருத்துவப் பேராசிரியர் பால் ஜோன்ஸும் குழுவினரும் 2009-ல் வெளியிட்டது. ஒரே பக்கம், இரண்டு மூன்று நிமிட வேலை. ஐம்பது கேள்விகளும் சிக்கலான கணக்கும் கொண்ட, இதே நோயாளிகளுக்கான பழைய செயின்ட் ஜார்ஜ் வினாத்தாளோடு ஒப்பிட்டால், நெரிசலான புறநோயாளிப் பிரிவிலும் நடைமுறைக்கு ஒத்துவருவது இதுதான். பயன்படுத்தத் தகுந்த கருவி, ஆனால் மொத்த மதிப்பெண்ணை மட்டும் எழுதிவிட்டுத் தாளைத் தூக்கிப் போடுகிற இடத்தில் பாதிப் பயன் வீணாகிறது.

கேட்பவை எட்டு: இருமல், சளி, நெஞ்சு இறுக்கம், மேடோ ஒரு மாடிப் படிக்கட்டோ ஏறும்போது மூச்சிரைப்பு, வீட்டு வேலைகளில் தடை, வெளியே கிளம்பும் தைரியம், தூக்கம், உடம்பில் தெம்பு. ஒவ்வொன்றுக்கும் இரு முனையில் எதிரெதிர் வாக்கியங்கள், இடையில் 0 முதல் 5 வரை. மொத்தம் 40. எண் ஏறினால் மோசம். சிஓபிடிக்கான சர்வதேச வழிகாட்டியான கோல்டில் 10-ம் அதற்கு மேலும் அறிகுறிகள் அதிகம் உள்ளவர் என்ற கணக்கில் வரும். 20-ஐத் தாண்டினால் பாதிப்பு கடுமை, 30-ஐத் தாண்டினால் மிகக் கடுமை. அடுத்தடுத்த வருகைகளில் 2 புள்ளி மாறினாலே கவனிக்க வேண்டிய மாற்றம்.

இப்போது மொத்த மதிப்பெண்ணின் பலவீனம். ஒருவருக்கு இருமல் 5, சளி 5, தூக்கம் 3, நெஞ்சு இறுக்கம் 1. இன்னொருவருக்குப் படிக்கட்டு 5, வீட்டு வேலை 4, வெளியே கிளம்பும் தைரியம் 3, தெம்பு 2. இருவருக்கும் 14. முதலாமவரிடம் புகைப்பழக்கம் தொடர்கிறதா, மூச்சுக்குழாய் விரிவு நோய் கூட இருக்கிறதா என்று தேட வேண்டும். இரண்டாமவரிடம் இன்ஹேலரை இழுக்கும் முறையைப் பார்த்து, நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பி, இரத்தசோகையும் இதயக் கோளாறும் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். 14 என்ற எண் இந்த இரண்டு வழிகளையும் மறைத்துவிடுகிறது. எட்டு எண்களையும் வரிசையாகக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

தவறுகள் பெரும்பாலும் நிரப்பும் இடத்தில்தான் நடக்கின்றன. மகனோ மருமகளோ தாங்களே யூகித்துக் குறிப்பது முதல் தவறு. படிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் வாசித்துக் காட்டலாம், ஆனால் இரு முனை வாக்கியங்களையும் முழுதாக வாசித்த பிறகு எண்ணை அவர்தான் சொல்ல வேண்டும். மருத்துவரைப் பார்க்கும் முன்பே நிரப்புவது நல்லது. பேசி முடித்த பின் கொடுத்தால் மருத்துவர் மனம் கோணாத பதில் வரும்.

படிக்கட்டுக் கேள்வி தனி வகைச் சிக்கல். மூச்சு வாங்கும் என்று பயந்து ஆறு மாதமாகப் படியே ஏறாதவர் அங்கே 1 போடுவார். வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டவரின் மதிப்பெண் இப்படித்தான் பொய்யாகக் குறைகிறது. "போன வருஷம் செய்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டீர்கள்?" என்று கூடவே கேட்டுப் பாருங்கள்.

இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்ட எம்.எம்.ஆர்.சி. என்ற மூச்சிரைப்பு அளவுகோல் இருக்கிறது. கடும் உழைப்பில் மட்டும் மூச்சிரைத்தால் 0. வேகமாக நடந்தாலோ சிறு மேடு ஏறினாலோ இரைத்தால் 1. சமதளத்திலேயே ஒத்த வயதினரைவிட மெதுவாக நடந்தால் 2. சுமார் 100 மீட்டரில் நின்று மூச்சு வாங்கினால் 3. உடை மாற்றும்போதே இரைத்தால் 4. இது மூச்சிரைப்பை மட்டுமே அளக்கும், இருமலும் தூக்கக்கேடும் இதில் வராது. எம்.எம்.ஆர்.சி. 1, சி.ஏ.டி. 18 என்று வருவது முரண்பாடில்லை. அவருடைய தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு மதிப்பெண்களையும் சேர்த்தே எடுங்கள், கூடவே கடந்த 12 மாதங்களில் நோய் எத்தனை முறை திடீரென முற்றியது, எத்தனை முறை மருத்துவமனையில் சேர்ந்தார் என்பதையும் எழுதுங்கள். அந்தக் கணக்கைச் சி.ஏ.டி. கேட்பதே இல்லை.

நோயைக் கண்டுபிடிக்க இந்தப் படிவம் உதவாது. அதற்கு ஸ்பைரோமெட்ரி எனும் மூச்சை ஊதிப் பார்க்கும் பரிசோதனை வேண்டும். ஊதும் அளவு பாதியாகக் குறைந்தவர் 8 போடலாம், ஓரளவே குறைந்தவர் 25 போடலாம். ஒன்றை வைத்து மற்றதை யூகிக்க முடியாது. ஆஸ்துமாவுக்கான ஏ.சி.டி. படிவத்தோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. அதில் 25 என்றால் நோய் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, 19-ம் அதற்குக் கீழும் கவலைக்குரியது. திசையே நேர் எதிர். இரண்டு படிவமும் ஒரே மேசையில் இருந்தால் மேல் ஓரத்தில் "ஏறினால் மோசம்", "இறங்கினால் மோசம்" என்று பேனாவால் எழுதி வையுங்கள்.

நோய் முற்றிய நாளில் எடுத்த மதிப்பெண்ணை அடிப்படை அளவாக வைக்காதீர்கள். நிலை சீரான பின் மீண்டும் எடுங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறுபவர், உதடு நீலம் பாய்ந்தவர், அரைத் தூக்கத்தில் குழம்பிப் பேசுபவர் கையில் இந்தத் தாளைக் கொடுக்கவே கூடாது. அவர் போக வேண்டியது அவசரப் பிரிவுக்கு.