மன்னிப்பைத் தேடிச் சுவர் ஏறியவர்: 'தி ஃபிஷர் கிங்'

டெரி கில்லியம் இயக்கி 1991-இல் வெளிவந்த 'தி ஃபிஷர் கிங்' படத்தின் தொடக்கத்தில், நியூயார்க்கின் பிரபல வானொலித் தொகுப்பாளரான ஜாக், தமக்குக் கிடைக்கவிருக்கும் நகைச்சுவைத் தொடருக்காக 'என்னை மன்னித்துவிடுங்கள்' என்ற ஒற்றை வசனத்தைக் குளியல் தொட்டியில் கிடந்தபடி விதவிதமான தொனிகளில் சொல்லிப் பழகுகிறார். சற்று நேரத்தில், நேயர் ஒருவரிடம் அவர் விளையாட்டாக உதிர்த்த நஞ்சுப் பேச்சு ஓர் உணவகத்தில் துப்பாக்கிச்சூடாக முடிந்த செய்தி தொலைக்காட்சியில் வருகிறது. சிரிக்க வைப்பதற்காகப் பழகிய சொல்லை மெய்யாகவே சொல்ல வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. அதை யாரிடம் சொல்வது என்பதுதான் படம்.

மூன்றாண்டுகள் கழித்து, குடிபோதையில் சாகத் துணிந்த ஜாக்கைக் காப்பாற்றும் வீடற்ற மனிதரான பாரி, இயேசு தம் கடைசி விருந்தில் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் புனிதக் கிண்ணம் ஒரு கோடீசுவரரின் மாளிகையில் இருப்பதாக நம்புகிறார். முன்பு பேராசிரியராக இருந்த அவர், அந்த உணவகத்தில்தான் தம் கண்ணெதிரே மனைவியைப் பறிகொடுத்தவர். பித்து நிலையைக் கேலிக்கோ பரிதாபத்துக்கோ உரிய பொருளாக்காமல், துயரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கட்டிய கோட்டையாகக் காட்டியிருப்பதே இப்படத்தின் பெருமை. நெருப்பை உமிழ்ந்தபடி குதிரையில் வரும் செவ்வீரன் பாரியின் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறான். மகிழ்ச்சி நெருங்கும்போதுதான் அவனும் நெருங்குகிறான் என்பதை உணர்ந்த கணத்தில் எனக்கு உடல் சிலிர்த்தது. பாரியாக நடித்த ராபின் வில்லியம்ஸின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து, கண்களில் அச்சம் ஏறும் அந்தச் சில நொடிகளுக்காகவே படத்தை மீண்டும் பார்க்கலாம்.

கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையக் காட்சியையும் மறக்க முடியாது. பாரி விரும்பும் லிடியா கூட்டத்துக்குள் நுழைந்ததும், விரைந்துகொண்டிருந்த பயணிகள் அனைவரும் இணை இணையாக வால்ட்ஸ் நடனம் ஆடத் தொடங்குகிறார்கள். அவள் மறைந்ததும் பழைய இரைச்சல் திரும்பிவிடுகிறது. காதல் கொண்டவனின் பார்வையை இதைவிட அழகாகக் காட்டிய காட்சியை நான் கண்டதில்லை.

ஜாக் முதலில் பணத்தைக் கொடுத்துக் கணக்கைத் தீர்க்கப் பார்க்கிறார். பாரியோ அதை அப்படியே இன்னொருவரிடம் கொடுத்துவிடுகிறார். 'ஃபிஷர் கிங்' எனப்படும் நோயுற்ற மன்னனுக்குத் தண்ணீர் கொடுத்தே புனிதக் கிண்ணத்தைக் கண்டடைந்த பேதையின் கதையைப் பூங்காவில் பாரி சொல்வதும், பின்னர் ஜாக் பாரியின் கனவுக்குள் தாமே இறங்கி அந்த மாளிகைச் சுவரில் ஏறுவதும் ஒன்றையொன்று பொருளாக்குகின்றன. ஜாக்கின் தன்னலம் மெல்லக் கரைவதை ஜெஃப் பிரிட்ஜஸ் மிகையின்றி நடித்துள்ளார். ஜாக்கைத் தாங்கி நிற்கும் காதலி ஆன் என்ற பாத்திரத்தில் நடித்த மெர்சிடிஸ் ரூல், சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது முற்றிலும் தகும். ஆயினும் அவளுக்கு ஜாக் இழைக்கும் அநீதியைத் திரைக்கதை எளிதில் கடந்துவிடுவது எனக்குக் குறையாகவே படுகிறது.

கிண்ணம் உண்மையானதா என்பது இறுதியில் பொருட்டாகவே இல்லை. மருத்துவமனைக் கட்டிலில் நினைவு திரும்பிய பாரி, தாம் ஓர் அழகிய பெண்ணை மணந்திருந்ததாகச் சொல்லி, இனி அவளுக்காக ஏங்கலாமா என்று ஜாக்கிடம் அனுமதி கேட்பதுபோலக் கேட்கிறார்.